மாமன் இல்லாம சடங்கா?

கொஞ்சம் தள்ளி ஒக்காரு தாயி. ஜன்னலை நீயே வச்சுக்க, எனக்கு வேணாம். நாவல்கரடு விலக்கு வந்தா மட்டும் ஒரு வார்த்தை சொல்லு. ஆண்டிபட்டி தாண்டி வரும்னாங்க. நான் இந்தப் பக்கம் வந்ததே இல்ல.

என்ன, மூஞ்சி உர்ருன்னு இருக்குன்னு பாக்குறியா? கோவம் தாயி. சோறு எறங்க மாட்டேங்குது எனக்கு. ஒரு பொட்டப்பிள்ளையப் பாக்கத்தான் போறேன். பாத்து, காதைப் பிடிச்சுத் திருகி, திரும்பக் கூட்டிட்டு வரப்போறேன். என் மகளா? எனக்கேது மக. நான் வளத்த பிள்ளை. பேரு பாண்டிமீனா. அவளால என் வேலை போச்சு, பென்சன் போச்சு, பேரும் நாறிப்போச்சு. இத்தனைக்கும் நான் செஞ்ச குத்தம் என்ன தெரியுமா? அவளுக்குச் சடங்கு செய்ய நெனைச்சேன். அம்புட்டுத்தான். உலகத்துல எவளாவது இதுக்காக வேலையப் பறிகுடுத்திருக்காளா, சொல்லு.

இதை யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு அங்க இருக்கிற டாக்டரு எழுதி வாங்கியிருக்கான். கெடக்குறான். உங்கிட்டச் சொல்றதுல என்ன வந்துச்சு, நீ யாரோ நான் யாரோ.

மலைக்கு மேல, தேயிலைத் தோட்டமெல்லாம் தாண்டி ஒரு எடம் இருக்கு. வாசல்ல மழை அளக்குற ஆபீஸுன்னு போர்டு. மழையாவது, அளக்கவாவது. உள்ள போனா பத்தாளு ஒசரத்துக்குச் சொவரு, கரண்டு வேலி, துப்பாக்கிக்காரங்க. அதுக்குள்ள பிள்ளைக. எல்லாம் பதிமூணு, பதினாலு, பதினஞ்சு வயசுப் பிள்ளைக. சர்க்கார் காப்பகத்துல இருந்த, ஆளில்லாத பிள்ளைகளாப் பாத்துப் பொறுக்கிக் கொண்டாந்தது. எதுக்குன்னா, அதுக கிட்ட என்னமோ ஒண்ணு இருக்கு தாயி. நம்ப மாட்ட. அன்வர்னு ஒரு பையன், அவன் கைய நீட்டினான்னா இரும்புச் சட்டி அடுப்பவிட்டுத் தானா எந்திரிக்கும். ஜெபமணின்னு ஒருத்தன், அடுத்த மலையில பேசுறது அவன் காதுல விழும். இந்த மீனா இருக்காளே, இவ அழுதா கரண்டு போயிரும். பல்பு இல்ல தாயி, ஊருக் கரண்டே போயிரும். காப்பகத்துல ஒரு தடவை எவளோ இவளை அடிச்சிருக்கா, தெருமுக்கு டிரான்ஸ்பாரமே வெடிச்சிருச்சாம்.

சிரிக்காத. நான் கண்ணால பாத்தவ.

நான் அங்க வார்டன். சமையல், துணிமணி, தலைக்கு எண்ணெய், எல்லாம் நான்தான். பெரிய டாக்டர் சதாசிவம்னு ஒரு ஆளு, அவருதான் அங்க எல்லாம். காலையில பிள்ளைகள ஒவ்வொண்ணாக் கூட்டிட்டுப் போவாங்க. தலையில வயரை ஒட்டுவாங்க, ஐஸ் ரூம்ல ஒக்கார வைப்பாங்க, பட்டினி போட்டா சக்தி கூடுதா கொறையுதான்னு பாப்பாங்க. நான் கேள்வி கேட்டதில்ல. கேக்குறது என் வேலையா? படிச்சவங்க செய்யிறாங்க. திரும்பி வர்றப்ப மீனா வெரலெல்லாம் வெந்திருக்கும். கத்தாழை வழிச்சு நான்தான் தடவி விடுவேன். வேற எந்த வார்டன் தடவுவா, சொல்லு?

படுக்கப் போறதுக்கு முன்னால ஆளுக்கு ஒரு டம்ளர் பாலு. அதுல ஒரு மாத்திரை கலக்கணும், ஆர்டரு. அதைக் குடிச்சாத்தான் பிள்ளைக சக்தி அடங்கி, துவண்டு கெடக்கும். மாத்திரை கசக்கும் தாயி. மத்தவளா இருந்தா அப்படியே குடிங்கன்னு நீட்டியிருப்பா. நான் பனங்கல்கண்டு தட்டிப் போட்டு, ஏலக்காய் போட்டு, கசப்பே தெரியாமக் குடுப்பேன். பிள்ளைக மேல அம்புட்டுப் பிரியம் எனக்கு.

கதிரவன்னு ஒரு பையன் இருந்தான். நெருப்பைத் தொட்டா அவனுக்குச் சுடாது. ஒருநாள் ஐஸ் ரூமுக்குக் கூட்டிட்டுப் போனாங்க, அதுக்கப்புறம் ஆளைக் காணோம். ஊருக்கு அனுப்பிட்டோம்னாரு டாக்டர். அவன் செருப்பு மட்டும் ஸ்டோர் ரூம் வாசல்லயே கெடந்துச்சு. செருப்பில்லாமலா ஊருக்குப் போவான்னு மீனா என்னைக் கேட்டா. பேசாமச் சாப்பிடுடின்னேன். மறந்துட்டுப் போயிருப்பான். பயலுகளுக்கு எது ஞாபகம் இருக்கு.

சரி, அதை விடு. நான் என் கதைக்கு வாரேன்.

மீனா பெரிய மனுஷி ஆயிட்டா. எங்கிட்டத்தான் ஓடியாந்து சொன்னா, பயந்து நடுங்கிக்கிட்டு. டாக்டர்கிட்டப் போயிச் சொன்னேன். சொல்லணும்ல, ரூல்ஸு. அந்த மனுஷன் நாற்காலியத் தள்ளிக்கிட்டு எந்திரிச்சான் பாரு! ஏதோ பாம்பைக் கண்ட மாதிரி. அவன் மெஷின் ரூம்ல ஒரு சாமி படம் வச்சிருப்பான். வெள்ளிக்கெழமை ஆனா மெஷினுக்கெல்லாம் பொட்டு வச்சு, எலுமிச்சம்பழம் நசுக்கி, சூடம் காட்டுவான். வெளிநாட்டுல படிச்ச ஆளு. "தீட்டோட உள்ள இருக்கக்கூடாது, முடியுற வரைக்கும் பிளாக்க விட்டு வெளிய வை"ன்னான். இந்தக் காதால கேட்டேன் தாயி. பிளாக்குன்னா பிள்ளைக இருக்கிற கட்டடம். இரும்புக் கதவு, பூட்டு, கேமரா எல்லாம் அங்கதான். பிள்ளை ஒண்ணுக்குப் போனாக்கூட ஆளு நின்னு பாக்குற எடம். அந்தப் பிள்ளைய, அந்தக் கரண்டுக்காரிய, தீட்டுன்னு வெளிய அனுப்புனவன் அவன். நானா அனுப்புனேன்? சொல்லு, நானா?

சமையக்கட்டுக்குப் பின்னாடி ஒரு குச்சு கட்டச் சொன்னேன். வாட்ச்மேன்தான் கம்பை நட்டு, தழையப் போட்டுக் கட்டுனான். நான் பாத்துக்கிட்டே நின்னேன். மாமன் கட்ட வேண்டிய குச்சை எவனோ பீடியக் குடிச்சுக்கிட்டுக் கட்டுறான். மனசு கேக்குமா? அவளுக்கு ஆத்தா இல்ல, அப்பன் இல்ல. இருக்கறது ஒரே ஒரு தாய்மாமன், பேரு காசிமாயன். அந்த ஆளு கேரளாவுல ஏலத்தோட்டத்துல வேலை பாத்துட்டுத் திரும்பி வாறதுக்குள்ள, இவளை மலைக்குக் கொண்டு போயிட்டாங்க. ஆபீஸ் கணக்குல இவ ஆளில்லாத பிள்ளை. மாமன் பேரை எந்த சர்க்கார் கேட்டு எழுதிக்கிட்டான்?

குச்சுல இருந்தப்ப அவளுக்கு நான் ராணி மாதிரிச் செஞ்சேன். பச்சை முட்டை, நல்லெண்ணெய், உளுந்தங்களி. மாத்திரைய நிப்பாட்டிட்டேன். ஆமா, நிப்பாட்டுனேன், இல்லைங்கல. அந்த மாத்திரை சூடு தாயி. சமைஞ்ச பிள்ளைக்குக் குளிர்ச்சியாக் குடுக்கணுமா, சூட்டைக் குடுக்கணுமா? ஒடம்பு என்னத்துக்கு ஆகும்? இதைத்தான் பின்னாடி வச்ச விசாரணையில சொன்னேன். விசாரிக்க வந்த டெல்லிக்காரன் பேனாவ வச்சுட்டு என்னையே பாக்குறான். அவனுக்கு என்ன தெரியும், அவனுக்குக் களி கிண்டிக் குடுத்தவ யாரு.

அப்புறம் அந்தப் போனு. அதுதான் பெரிய குத்தமாம். மாமன் நம்பரை மீனா சாமி மந்திரம் மாதிரி சொல்லிக்கிட்டே இருப்பா. வந்த நாள்ல இருந்து எங்கிட்டக் கெஞ்சுவா, அம்மா ஒரே ஒரு தடவை மாமாவுக்குப் போன் பண்ணுங்கம்மான்னு. காலைக்கூடப் பிடிச்சிருக்கா. வெரலு வெந்து வந்த அன்னைக்கும் கேட்டா. ரூல்ஸ் இல்லடி, போய்ப் படுன்னுருவேன். நான் ரூல்ஸ மீறுனவ இல்ல. ஆனா சடங்கு வேற தாயி. மாமன் மாலை போடாம, மாமன் சீர் வராம எப்பிடித் தண்ணி ஊத்துறது? நாளப்பின்ன அந்தப் பிள்ளைய யாரு மதிப்பா? அதனால காய்கறி வண்டிக்காரன்கிட்டப் போனை ஒரு நிமிஷம் குடுய்யான்னு வாங்கி, அவ சொன்ன நம்பரைப் போட்டேன். "அய்யா, உங்க மருமக பெரிய மனுஷி ஆயிட்டா. மாமன் இல்லாமச் சடங்கு செய்ய முடியாது, சீரோட வந்து சேருங்க"ன்னு எடத்தைச் சொன்னேன். அந்தப் பக்கம் அந்த ஆம்பளை ஓன்னு அழுதான். "உசுரோட இருக்காளா? உசுரோடதான் இருக்காளா? நாவல்கரட்டுல இருந்து இப்பவே கெளம்புறோம்மா"ன்னான்.

நான் என்ன நெனைச்சேன்? புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் ஒரு தட்டை ஏந்திக்கிட்டு கேட்டுக்கிட்ட வந்து நிப்பாங்க. மாலையப் போட்டு, தண்ணிய ஊத்தி, பிள்ளையக் கண்ணுல பாத்துட்டுப் போயிருவாங்க. டாக்டர்கிட்டப் பக்குவமாச் சொல்லிக்கலாம்னு இருந்தேன். இந்தப் பக்கத்து ஆளுக சீர் கொண்டு வாற லட்சணம் எனக்கு எப்பிடித் தெரியும்? நான் தஞ்சாவூர்ப் பக்கம் வாக்கப்பட்டவ.

காலையில இட்லி ஊத்திக்கிட்டு இருக்கேன், ஜெபமணி தட்டோட எந்திரிச்சு நின்னுக்கிட்டு, "அம்மா, மேளம் வருது"ங்கிறான். எங்கடா மேளம், ஒக்காந்து தின்னுடான்னேன். கொஞ்ச நேரத்துல எனக்கே கேக்குது. நாலஞ்சு வேன் தாயி! லாரி ஒண்ணு! ஊரே தெரண்டு வந்திருக்கு. மேளம், குலவை, பழத்தட்டு, பட்டு, ரெண்டு கெடா, ஆளொசரத்துக்கு மாலை. ரகசிய ஆபீஸாம், அது வாசல்ல நின்னுக்கிட்டு ஆடுறானுக. கேட்டுக்காரன் இங்க பிள்ளைகளே இல்லைங்கிறான். காசிமாயன், "வார்டனம்மா போன் பண்ணி வரச் சொன்னாங்களே"ன்னு தொண்டை கிழியக் கத்துறான். போட்டுக் குடுத்துட்டான், விவஸ்தை கெட்ட மனுஷன்! அந்த நேரம் பாத்து எவனோ ஆயிரம் வாலாவக் கொளுத்திப் போட்டுட்டான். உள்ள இருந்த துப்பாக்கிக்காரங்க, அவங்களத்தான் சுடுறாங்கன்னு நெனைச்சு, மேல பாத்துச் சுட்டுட்டானுக.

மீனா குச்சைவிட்டு வெளிய வந்தா. என் கலியாணப் பட்டைத்தான் கட்டிவிட்டிருந்தேன். துப்பாக்கிச் சத்தத்தக் கேட்டவுடனே "மாமா"ன்னு ஒரு கத்து கத்துனா. அவ்வளவுதான். எல்லாம் போச்சு. வெளக்கு, வேலி, கேமரா, பிளாக்குக் கதவு, சுடுதண்ணி அடுப்பு, ஒண்ணுமில்ல. பிள்ளைக ஒவ்வொண்ணா வெளிய வருதுக. அன்வரு கைய நீட்டுனான். முந்தின நாளு ராத்திரிதான் பாலைக் கீழ கொட்டுனதுக்கு அவனுக்கு அறை விட்டிருந்தேன், குடிக்காமலே படுத்திருக்கான் களவாணி. துப்பாக்கியெல்லாம் கைய விட்டு நழுவி கத்திரிக்காய் மாதிரி முத்தத்துல உருண்டுச்சு. கேட்டு தானா தொறந்துச்சு. பொம்பளைக குலவை போடுறாளுக. காசிமாயன் கையில மாலையோட அப்படியே நடுரோட்டுல மண்டி போட்டுட்டான். மீனா ஓடிப்போயி அவன் கழுத்தக் கட்டிக்கிட்டா.

டாக்டர் எங்க இருந்தான்னு கேளு. மெஷின் ரூம்ல, சாமி படத்துக்குப் பின்னாடி.

இப்ப விசாரணை. அந்தாளு டெல்லிக்காரன் முன்னாடி சத்தியம் பண்றான், "பிளாக்க விட்டு வெளிய அனுப்பச் சொல்லி நான் ஆர்டரே போடல, வார்டன் காசு வாங்கிக்கிட்டு சதி பண்ணிட்டா"ன்னு. தீட்டுன்னு சொன்னதை அவங்ககிட்ட ஒத்துக்க வெக்கம் அவனுக்கு! சயின்டிஸ்ட்டுல்ல! அதுக்குப் பதிலா என்னைக் களவாணி ஆக்கிட்டான். இருக்கிறானே, அவனை மட்டும் என் கையில குடுத்துப் பாரு. உளுந்தங்களி கிண்டுற துடுப்பாலயே நாலு போடுவேன். அவன் கல்லாட்டம் அங்கயே ஒக்காந்திருக்கான். வேற பிள்ளைகளப் பொறுக்கப் போறானாம்.

அவன்தான் சொன்னான், அந்தப் பொண்ணு எங்க இருக்குன்னு காட்டு, உன் வேலையும் பென்சனும் திரும்பக் கெடைக்கும்னு. மாமன் ஊரு எனக்கு மட்டும்தான் தெரியும். அந்த போன் நம்பரு எவனோ செத்துப்போன ஆளு பேருல இருந்துச்சாம், கண்டுபிடிக்க முடியல. நான் ஊர்ப் பேரைச் சொல்லல தாயி. சொன்னா என்னை விட்டுட்டுப் போயிருவானுக. நானே போறேன், வீட்டைக் காட்டுறேன், நீங்க பின்னாடி வாங்கன்னேன். அதோ வருது பாரு, வெள்ளை வண்டி. மதுரையில இருந்து நம்ம பஸ்ஸுக்குப் பின்னாடியேதான் வருது. நான் எந்த ஸ்டாப்புல எறங்குறேனோ அங்க அவனுகளும் எறங்குவானுக.

என்ன அப்பிடிப் பாக்குற? அடிக்க மாட்டோம்னு சொல்லியிருக்காங்க. வெளிய இருந்தா அவளைப் பேய் பிடிச்சவளுன்னு எவனாவது கல்லை எறிவான். அங்க இருந்தா நேரத்துக்குச் சோறு, தலைக்கு எண்ணெய். நான் இருக்கேன்ல?

இன்னொண்ணு சொல்றேன், இதுதான் எனக்கு ஆறவே மாட்டேங்குது. பிள்ளைக, ஊராளுக அம்புட்டுப் பேரும் வண்டியில ஏறியாச்சு. இந்த மீனா திரும்பி ஓடி வாறா. நான் சமையக்கட்டு வாசல்ல கரண்டியோட நிக்கிறேன். போயிட்டு வாரேன்னு சொல்லிக்க வாறான்னு நெனைச்சேன். எங்கையப் பிடிச்சுக்கிட்டு, "நீங்களும் வந்துருங்கம்மா"ங்கிறா. எனக்குச் சுருக்குன்னு கோவம் வந்துருச்சு. "ஒலை கொதிக்குது, அரிசி போடணும், நீ போடி"ன்னேன். "யாருக்கும்மா அரிசி? எல்லாரும் போயாச்சு"ன்னா. கையை விடவே இல்ல. நான்தான் ஒதறி விட்டேன்.

என்ன திமிரு பாரு! என்னைப் பாத்து வந்துருங்கங்கிறா. நான் என்ன அடைபட்டா கெடந்தேன்? நான் சம்பளத்துக்கு இருந்தவ தாயி. அவளும் நானும் ஒண்ணா?

எப்ப வீட்டுக்குப் போனேனா? போகல. அங்க லீவு கெடையாது. போனை வாங்கி வச்சுக்குவாங்க, அது எல்லாருக்கும் உள்ளதுதான். தங்கச்சி செத்ததுக்கு... அதுக்கும் விடல. எடுத்துப் போட்டதுக்கப்புறம்தான் எனக்குச் சேதியே சொன்னாங்க. அது வேற. அது வேலை விதி. கேட்டுக்கு வெளிய போகணும்னா டாக்டர் எழுதிக் குடுக்கணும், அவரு எழுதிக் குடுக்கல, நானும் கேக்கல. கேட்டா ஒருவேளை...

நீ என்ன பேச்சப் பேசுற. சின்னப் பொண்ணு, ஒனக்கு என்ன தெரியும். வாய வச்சுக்கிட்டுச் சும்மா இரு.

அந்தப் பிள்ளை தன் மாமன் கழுத்தைக் கட்டிக்கிட்டு நின்னுச்சுல்ல. அதை விட்டுட்டுத் திரும்பி வந்துச்சு தாயி. துப்பாக்கிக்காரனுக அங்கனயே நிக்கிறானுக. டிரைவர் ஆரனை அடிச்சுக்கிட்டே இருக்கான். எங்கிட்ட வந்துச்சு. என்ன மனசுல வச்சு வந்துச்சு அது? ஒவ்வொரு நாளும் பால்ல கலந்து குடுத்தவகிட்ட. கிறுக்குச் சிறுக்கி. அறிவிருக்கா அதுக்கு?

கண்டக்டர் கத்துறது எனக்கும் கேக்குது. நாவல்கரடு விலக்கு. காது செவிடா எனக்கு? எதுக்கு என் கையப் பிடிச்சு உலுக்குற?

நான் எறங்கல.

எறங்கலன்னா எறங்கலதான். ஏன்னு கேக்காத, கேட்டா எனக்குக் கோவம் வரும். சடங்கு வச்சாங்களா இல்லையா, எனக்கு ஒரு வார்த்தை சொல்லி விட்டாங்களா? அழைக்காத வீட்டு வாசல்ல போயி நிக்கிறதுக்கு எனக்கு மானம் ரோசம் இல்லையா? தம்பி, விசிலை ஊது, ஆளு யாரும் எறங்கல இங்க. எனக்குக் கம்பத்துக்கு ஒரு டிக்கெட்டுக் குடு. ஆமா, இதுவரைக்கும்தான் எடுத்திருந்தேன், இப்ப மேல போறேன், ஒனக்கென்ன?

நீ திரும்பிப் பாக்காத தாயி. பாத்தா அவனுகளுக்குச் சந்தேகம் வந்துரும். நேரா ரோட்டைப் பாரு. அவன் வண்டி, அவன் டீசலு. கம்பம் வரைக்கும் வரட்டும்.